போர்ட் நான்கு, மானிட்டர் எத்தனை?

2009 செப்டம்பரில் ஏஎம்டி நிறுவனம் ரேடியான் எச்டி 5870 என்ற கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கம் நான்கு போர்ட்கள்: டிவிஐ இரண்டு, எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. ஒரே கார்டில் மூன்று மானிட்டர் என்பதுதான் அதன் பெருமை. அந்த வசதிக்கு ‘ஐஃபினிட்டி’ என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். ஆனால் டிவிஐயில் இரண்டு, எச்டிஎம்ஐயில் ஒன்று என மூன்று மானிட்டர்களைச் செருகினால் இரண்டில்தான் படம் வரும். கார்டில் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை.

காரணம் சிப்புக்குள் இருந்தது. டிவிஐ, எச்டிஎம்ஐ இரண்டும் மானிட்டரின் வேகத்துக்கு ஏற்பப் படப்புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்பும் முறையைச் சேர்ந்தவை. 1920க்கு 1080 அளவுள்ள சாதாரண மானிட்டர், நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்க, நொடிக்கு 14 கோடியே 85 லட்சம் துடிப்புகள் தேவை. அந்தத் துடிப்பைத் தரும் கடிகாரச் சுற்று ஒவ்வொரு மானிட்டருக்கும் தனியாக வேண்டும். இந்த வகைப் போர்ட்களுக்காக 5870இல் இருந்தவை இரண்டே சுற்றுகள். டிஸ்ப்ளேபோர்ட்டின் வழி வேறு. மானிட்டர் எதுவானாலும் அது தரவைப் பொட்டலங்களாகக் கட்டி, முன்பே வகுத்த வேகத்தில் அனுப்பிவிடும். அதனால் எத்தனை டிஸ்ப்ளேபோர்ட் இருந்தாலும் பொதுவான ஒரு கடிகாரமே போதும். ஆக, மூன்றாவது மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

மலிவான அடாப்டரை டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டி எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினாலும் பயனில்லை. அந்த அடாப்டர் எதையும் மாற்றுவதில்லை. எச்டிஎம்ஐ சிக்னலையே அனுப்பும்படி கார்டிடம் கேட்கும், அவ்வளவுதான். மறுபடியும் கடிகாரம் தேவைப்படும். சிக்னலை மாற்றும் சிப் உள்ளேயே இருக்கும் ‘ஆக்டிவ்’ அடாப்டர்தான் அங்கே வேலை செய்தது. கார்டின் பெட்டி மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டிய செய்தி இது.

ஒரு கார்டில் இரண்டு மானிட்டர் என்பதே ஒரு காலத்தில் புதுமை. விண்டோஸ் 98இல் பல மானிட்டர்களை இணைக்க முடிந்தது. ஆனால் பெரும்பாலும் மானிட்டருக்கு ஒரு கார்டு மாட்ட வேண்டியிருந்தது. 1999இல் கனடாவின் மாட்ராக்ஸ் நிறுவனம் ஜி400 கார்டில் இரண்டு தனித்தனி வெளியீடுகளைத் தந்தது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 580 (2010) இரண்டு மானிட்டர்களோடு நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 680 (2012) நான்கை இயக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் என்விடியா கார்டுகள் பலவற்றின் விவரப் பட்டியலில் ‘அதிகபட்ச மானிட்டர் 4’ என்றே இருக்கும். வாங்குபவர் பின்பக்கப் போர்ட்களை எண்ணுவதைவிட இந்த வரியைத் தேடிப் படிப்பது மேல்.

போர்ட் போதவில்லை என்று எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஸ்பிளிட்டர் ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும்; இரண்டாவது திரையில் வேறு வேலை பார்க்க முடியாது. உண்மையில் உதவுவது 2010இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2இன் எம்எஸ்டி வசதி. கார்டிலிருந்து ஒரு கேபிள் முதல் மானிட்டருக்கு, அதிலிருந்து இன்னொன்று அடுத்ததற்கு எனச் சங்கிலியாகக் கோக்கலாம். இதற்கு மானிட்டரிலேயே டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு இருக்க வேண்டும், அல்லது எம்எஸ்டி ஹப் வாங்க வேண்டும். அந்தக் கேபிள் நொடிக்குச் சுமந்து செல்லும் படத்தரவு 17.28 கிகாபிட். 1080பி மானிட்டர் ஒன்றுக்குச் சுமார் 3.5 கிகாபிட் போதும் என்பதால் நான்கு வரை தாங்கும். 60 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டர் ஒன்றே 12 கிகாபிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இன்னொரு 4கேவுக்கு இடமிருக்காது. மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மேக்ஓஎஸ் எம்எஸ்டி சங்கிலியில் தனித்தனித் திரைகளைத் தருவதில்லை.

மேசைக் கணினியில் இன்னொரு வழியும் உண்டு. பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால், பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவிட்டு, மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கூடுதல் மானிட்டரை மாட்டலாம். பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களில் இது நடக்காது.

மானிட்டர் கூடினால் கணினி திணறும் என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்கும் எழுத்தும் பார்க்கும் அலுவலக வேலைக்கு அந்தப் பயம் வேண்டாம். ஒரு 1080பி திரையின் படம் நினைவகத்தில் பிடிக்கும் இடம் சுமார் 8 எம்பி. மூன்று திரைக்கு 25 எம்பி. விளையாட்டு வேறு கதை. மூன்று 1080பி திரைகளிலும் விரியும் விளையாட்டில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் 62 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். ஒற்றைத் திரைக்குத் தேவையானது 21 லட்சம்தான்.

மின்சாரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் கார்டு தன் நினைவகத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வேக மாற்றம் படம் புதுப்பிக்கப்படும் இடைவெளியில் நடந்தால்தான் திரை மினுங்காது. ஒரு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், மற்றது 60 ஹெர்ட்ஸ் என்றால் இடைவெளிகள் ஒத்துப்போவதில்லை. நினைவகம் முழு வேகத்திலேயே ஓடி, கார்டு சூடாகும். முதல் மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் சில கார்டுகளில் இது சரியாகிவிடுகிறது. விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே அமைப்பின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக இந்த எண்ணை மாற்றலாம்.