முதலாளிக்கு தினம் ஒரு ஐடியா... டீம் திணறாமல் இருக்க என்ன வழி?

இரவு 11 மணி. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதலாளியின் வாய்ஸ் நோட் வந்து விழுகிறது. “ஒரு சூப்பர் ஐடியா தோணிச்சுப்பா. நம்ம ஸ்வீட் பாக்ஸை வெளியூருக்கு கூரியர்ல அனுப்பினா என்ன?”

மறுநாள் காலையிலேயே ஒருவர் கூரியர் கம்பெனிகளிடம் ரேட் கேட்கிறார். இன்னொருவர் அட்டைப்பெட்டிக்கு டிசைன் போடச் சொல்லிவிடுகிறார். மூன்றாம் நாள் முதலாளி கேட்கிறார், “கூரியரா? அது சும்மா தோணினதைச் சொன்னேன். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் வேலை என்னாச்சு?”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், படிக்கும்போதே உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அந்த முதலாளி கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவருடைய ஐடியாக்களால்தான் தொழிலே வளர்ந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், அவர் மனதில் ஓடுவது எது, அவர் எடுத்த முடிவு எது என்று டீமுக்குத் தெரிவதில்லை. பாதியில் நின்ற வேலைக்கும் சம்பளம் போகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ‘இதுவும் நாலு நாளில் மாறிடும்’ என்ற எண்ணம் ஊழியர்களுக்கு வந்துவிட்டால், நிஜமாகவே முக்கியமான வேலையைச் சொல்லும்போதும் யாரும் அசைய மாட்டார்கள்.

உலகின் மிகப்பெரிய நிறுவனங்களும் இந்தச் சிக்கலில் மாட்டி, மீண்டு வந்திருக்கின்றன.

அமேஸான்: ஐடியாவுக்கும் க்யூ உண்டு!

அமேஸான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், அரை மணி நேரத்தில் ஒரு போர்டு நிறைய ஐடியா எழுதக்கூடியவர். நிறுவனத்தின் ஆரம்ப ஆண்டுகளில், தொழிற்சாலை அனுபவத்தோடு வந்து சேர்ந்த ஜெஃப் வில்கி என்ற அதிகாரி அவரிடம் நேராகவே சொன்னாராம், ‘அமேஸானையே அழிக்கும் அளவுக்கு உங்களிடம் ஐடியாக்கள் இருக்கின்றன’ என்று. 2025 அக்டோபரில் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த தொழில்நுட்ப விழாவில், பெசோஸே இதைச் சொல்லிச் சிரித்தார்.

வில்கி சொன்ன காரணம் எளிமையானது. தொழிற்சாலையில் ஒரு மெஷின் தாங்கும் அளவைவிட அதிகமாகச் சரக்கை அனுப்பினால், அது வாசலிலேயே குவிந்து கிடக்கும். ஐடியாவும் அப்படித்தான். டீம் தாங்குகிற வேகத்தில்தான் அதை வெளியே விட வேண்டும். அதன்பிறகு பெசோஸ், தோன்றியதையெல்லாம் பட்டியல் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, டீம் தயாரான பிறகே ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

இன்னொரு பழக்கத்தையும் அமேஸான் கொண்டுவந்தது. 2004-ல் உயரதிகாரிகள் கூட்டங்களில் பவர்பாயின்ட்டுக்குத் தடை. அதற்குப் பதிலாக, விஷயத்தை அதிகபட்சம் 6 பக்கங்களில் முழு வாக்கியங்களாக எழுதிவர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை அமைதியாகப் படிப்பார்கள். பேசும்போது பளபளக்கும் ஐடியா, எழுதிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆப்பிள்: நான்கே கட்டங்கள்!

1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மீண்டும் பொறுப்பேற்றபோது, ஆப்பிள் அந்த நிதியாண்டில் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தில் இருந்தது. ஏகப்பட்ட மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் குழப்பமான எண்கள். ‘நண்பர் ஒருவர் கேட்டால் எதை வாங்கச் சொல்வது?’ என்ற கேள்விக்கே விடை இல்லை.

ஜாப்ஸ் ஒரு போர்டில் நான்கு கட்டங்கள் வரைந்தார். மேலே, ‘சாதாரண வாடிக்கையாளர்’, ‘தொழில்முறைப் பயனாளர்’. பக்கவாட்டில், ‘மேஜைக் கணினி’, ‘கையில் எடுத்துச் செல்லும் கணினி’. கட்டத்துக்கு ஒன்றாக நான்கு சிறந்த கணினிகள் போதும் என்றார். மற்றவற்றில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. பலர் வருடக்கணக்கில் உழைத்த நியூட்டன் கையடக்கக் கருவியும் 1998-ல் கைவிடப்பட்டது. வலி இல்லாமல் இது நடக்கவில்லை. ஆனால், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதே ஆண்டு ஐமேக் வந்தது. நிறுவனம் 30 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது.

கட்டம் போட்டவரும் சறுக்கியிருக்கிறார். 2000-ல், இரண்டு கட்டங்களுக்கு நடுவே வந்து நின்ற ‘பவர் மேக் ஜி4 க்யூப்’ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஒரே ஆண்டில் அதை நிறுத்துவதாக ஆப்பிள் வெளிப்படையாக அறிவித்தது. நிறுத்துகிறோம் என்று சொல்வதும் தெளிவான வழிகாட்டல்தான்.

நாமும் செய்யலாம்... 5 வழிகள்!

1. ஐடியாவுக்கு லேபிள் ஒட்டுங்கள்: ‘இது யோசனை மட்டும்’, ‘இதைச் சின்னதாகச் செய்து பார்ப்போம்’, ‘இது முடிவு’ ஆகிய மூன்றில் எது என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

2. இரவில் தோன்றுவது நோட்டுக்கு: வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருநாள் எடுத்துப் பாருங்கள். பல ஐடியாக்கள் உங்களுக்கே சாதாரணமாகத் தெரியும்.

3. ஒன்று உள்ளே வந்தால், ஒன்று வெளியே: புது வேலை கொடுக்கும்போது, எதை நிறுத்தலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

4. ஒரு பெயர், ஒரு தேதி, ஓர் அளவு: ‘ஆன்லைன் விற்பனையைக் கவனிங்க’ என்பது ஆசை. ‘இந்த மாதம் 30-ம் தேதிக்குள் 50 ஆர்டர், பொறுப்பு இன்னார்’ என்பதே வழிகாட்டல். எல்லோருக்கும் பொறுப்பு என்றால், யாருக்கும் பொறுப்பு இல்லை.

5. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் தலைகள் ஆடும். ‘என்ன செய்யப்போறீங்க, சொல்லுங்க’ என்று கேட்டால்தான் உங்கள் மனதில் இருந்தது அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும்.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளியிடம் ‘முடியாது’ என்று சொல்வது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. “செய்யலாம் சார். இப்போ கையில இருக்கிற இந்த மூணுல எதைத் தள்ளிவைக்கட்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். இது மறுப்பு இல்லை. முடிவை அவர் கையிலேயே கொடுக்கும் கேள்வி. வில்கி செய்ததும் ஏறக்குறைய அதைத்தான்.

ஐடியா வருவதை நிறுத்த வேண்டாம். இன்றிரவு 11 மணிக்கு ஒன்று தோன்றினால், மொபைலை எடுப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்... நாளை காலை கடை திறக்கும் பையன், இதை வைத்து முதலில் என்ன செய்வான்? பதில் தெரிந்தால் அனுப்புங்கள். தெரியாவிட்டால், நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் டீமும் தூங்கட்டும்!