இல்லறமும் தொழில் வருமான வரியும்

திருமணம் ஆனபின் வருமான வரி கூடுமா, குறையுமா என்னும் ஐயம், பிற மாநிலங்களில் சொந்தத் தொழில் நடத்தும் நம்மவர் பலருக்கு உண்டு. மும்பையில் சிற்றுண்டிச்சாலை வைத்திருப்பவரும், பெங்களூரில் தையற்கடை நடத்துபவரும் ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றனர். விடை சுருக்கமானது. திருமணம் என்னும் ஒரு காரணத்தால் நம் நாட்டில் வரி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கணவரையும் மனைவியையும் சட்டம் தனித்தனி ஆட்களாகவே கணிக்கிறது.

முன்பொரு காலத்தில் வேற்றுமை இருந்தது. 1955 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக், வரி விலக்கு வரம்பை மணமானவர்க்கு 2,000 ரூபாய் என்றும், மணமாகாதவர்க்கு 1,000 ரூபாய் என்றும் வகுத்தார். அம்முறை பின்னர் நீங்கிவிட்டது.

இன்று சிக்கல் எழுவது, மனைவி கடைக்கு வந்து உழைக்கத் தொடங்கும்போது. சிற்றுண்டிச்சாலைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மனைவி விடியுமுன் மாவரைத்துச் சாம்பாருக்குக் கூட்டிவைத்துப் பிறகு கல்லாவிலும் அமர்கிறார். அவருக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம் எழுதுகிறார் கணவர். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கடைச் செலவில் கழிகிறது. ஆனால் அதே தொகையைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்துக் கணிக்கவேண்டும் என்கிறது சட்டம். கொடுத்த கை ஒன்று, வாங்கிய கை ஒன்று; வரி கட்டும் கை மட்டும் பழைய கையே. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64 ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, அதற்கு மாற்றாக இயற்றப்பெற்ற 2025 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. கடை மனைவியுடையதாகி, கணவர் சம்பளம் பெற்றாலும் விதி அதுவே.

விலக்கு ஒன்று உண்டு. சம்பளம் பெறுபவர் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ உடையவராயிருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலும் மட்டுமே அவ்வூதியத்தை ஈட்டினால், அது அவருடைய வருமானமே. மருந்துக்கடைக்காரரின் மனைவி மருந்தாளர் பட்டயம் பெற்றவராயின் கவலையில்லை. முப்பதாண்டு சமைத்துத் தேர்ந்த கைக்கோ சான்றிதழ் இல்லை. பட்டம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று கருதிய உயர்நீதிமன்றத் தீர்ப்பும் உண்டெனினும், அதை நம்பி வழக்காடச் சிறு கடைக்காரரால் இயலுமா? உழைத்தவர் பெயரில் ஒரு வருமானக் கணக்கும் தங்காமற் போவது, வரியைவிடப் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். நாளை அவரே வங்கியிற் கடன் கேட்கப் போனால் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

விற்றுமுதலில் 8 விழுக்காடு, வங்கி வழி வந்த வரவாயின் 6 விழுக்காடு, இலாபம் என்று கொள்ளும் உத்தேச முறையைப் பலர் கைக்கொள்கின்றனர். அம்முறையில் எல்லாச் செலவும் கழிந்ததாகவே கருதப்படுவதால், மனைவியின் சம்பளத்தைத் தனியே கழிக்க இடமில்லை.

முதல் கொடுத்தாலும் இதே நிலைதான். கணவர் மனைவிக்குப் பணத்தை அன்பளிப்பாகத் தந்தால், அன்பளிப்புக்கு வரியில்லை. அதிலிருந்து விளையும் வருமானமோ கணவரைச் சேரும். மனைவியின் தையற்கடையில் ஆண்டுத் தொடக்கத்தில் உள்ள முதல் 1,00,000 ரூபாய், அதில் கணவர் தந்தது 40,000 என்றால், இலாபத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு கணவர் கணக்கில் ஏறும். அவ்விலாபத்தைச் சேமித்து வேறிடத்தில் முதலிட்டுப் பெறும் வருவாய் மனைவியுடையது. தாய் வீட்டார் தந்த சீர்ப்பணத்தையோ தம் சொந்தச் சேமிப்பையோ முதலாக இட்டால், இலாபம் முழுவதும் அவருக்கே. ஆகவே பணம் வந்த வழியைக் காட்டும் வங்கிக் குறிப்பைப் பாதுகாத்தல் நன்று. திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு, அது யார் தந்ததாயினும், வரியில்லை. மொய்க் குறிப்பேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திருமணத்திற்கு முன்பே மணமகளுக்கு மாற்றித் தந்த சொத்தின் வருமானத்தைக் கணவரோடு சேர்க்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1963 இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கோவாவின் நிலை வேறு. அங்குப் போர்த்துகீசியர் காலத்துச் சட்டப்படி தம்பதியரின் சொத்து பொதுவானது. அச்சட்டத்திற்கு உட்பட்ட தம்பதியரின் தொழில் வருமானம் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கணிக்கப்படுகிறது. சம்பளத்திற்கு இவ்வசதி இல்லை.

தமிழர்க்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தை ஏற்பது நம் பெண்கள் பலரின் வழக்கம். வருமான வரிக்கு அது கட்டாயமன்று. பான் எண் திருமணத்தால் மாறுவதில்லை. பெயரை மாற்றினால் பான் அட்டையிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் மாற்றவேண்டும். ஊர் மாறியவர்கள் புதிய முகவரியைப் பதிந்துகொள்ளட்டும். இல்லையேல் மும்பையில் வாழ்பவர்க்குரிய அறிவிப்பு மதுரை வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.