கல்லை உருக்கி வார்த்தனரா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமவெளியாகும். ஏரியும் களிமண்ணும் செம்புரைக்கல்லும் மிக்க இந்நிலத்தில் கருங்கற் குன்றுகளைக் காண்டல் அரிது. ஆயினும் பாடியிலுள்ள திருவலிதாயமும், ஆவடிக்கு அண்மையிலுள்ள வடதிருமுல்லைவாயிலும் கற்கோயில்களாக விளங்குகின்றன. இரண்டிலும் கருவறையின் பின்புறம் யானையின் பின்புறம் போல வளைந்து அமைந்துள்ளது. இவ்வமைப்பினைத் தூங்கானை மாடம் என்பர். அவ்வளைவைக் கையால் தடவிப் பார்ப்பவர்க்கு, உளி கொண்டு இதனைச் செய்திருத்தல் கூடுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. முன்னோர் கல்லை உருக்கி அச்சில் வார்த்தனர், அக்கலை பின்னர் மறைந்தது என்று கூறுவாரைப் பலமுறை கண்டுள்ளோம். முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டிலும் இதனை மெய்யெனவே எழுதிக் கொணர்ந்தமை இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தூண் எதனால் ஆயது என்பது பற்றிக் கதை பிறத்தல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. திருமுல்லைவாயிற் கருவறையின் முன்னுள்ள தூண்கள் இரண்டும் வெள்ளெருக்கால் ஆயவை என்பது தலமரபு. அம்மரபின் சுவை வேறு. ஆய்வேட்டிற் கூறும் சான்று வேறு.

அம்மாணவர் காட்டிய முதற்சான்று இலக்கியம். அகத்தியர் இராவணனை இசையாற் பிணித்தார் என்று தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர் குறிக்கின்றார். அவ்விசைக்குப் பொதியிற் பாறையே உருகிற்று என்பது வழிவழி வந்த கதை. பக்திப் பாடல்களிலோ கல்நெஞ்சம் உருகுதல் பெருவழக்கு. ஆனால் இவை எதனைக் காட்டுகின்றன? கல் உருகாது என்பதை உலகம் நன்கு அறிந்திருந்தமையாலன்றோ, கல்லும் உருகிற்று என்னும் கூற்று வியப்பாகின்றது! பொன்னையும் செம்பையும் போலக் கல்லையும் நாள்தோறும் உலையிலிட்டு உருக்கியிருப்பின், அவ்வுவமை சுவையற்றுப் போயிருக்கும். ஆகவே மாணவர் காட்டிய சான்று அவர்க்கே மாறாக நிற்கின்றது.

அடுத்தது சொல்வழக்கு. ‘சிலை வடித்தல்’ என்கின்றோமே, சோற்றுக் கஞ்சியையும் வடிக்கின்றோமே, எனவே வடித்தல் வார்த்தலேயாம் என்பர். இது பொருந்தாது. சங்க இலக்கியத்தில் வடித்தல் என்பது கொல்லன் வேலைத் திருத்திச் செய்தலையும் குறிக்கும். வேல் அடித்துச் செய்யப்படுவது, வார்க்கப்படுவதன்று. திருத்தமுறச் செய்தல் என்பதே ஈண்டுப் பொருள். கற்பணிக்குரிய ஏனைச் சொற்களை நோக்குக: கொத்துதல், பொளிதல், செதுக்குதல், குடைதல், போழ்தல். இவையனைத்தும் கல்லிலிருந்து ஒரு பகுதியை நீக்கும் வினைகள். உருக்குதல், வார்த்தல், கருக்கட்டுதல், மூசை என்பனவோ கன்னார்க்கும் கொல்லர்க்கும் உரியவை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் கோயிலைத் திருக்கற்றளி என்றும், வார்த்த திருமேனிகளைச் செப்புப் பிரதிமம் என்றும் பிரித்தே வழங்குகின்றன. பிரதிமங்களின் உயரத்தை முழமும் விரலுமாக அளந்தும் கூறுகின்றன. இரு தொழில்களை நம் மொழி இவ்வளவு தெளிவாக வேறுபடுத்தியிருக்க, நாம் அவற்றை ஒன்றாக்குதல் கற்றச்சரின் உழைப்பை அவர்தம் கையினின்றும் பறிப்பதாகும்.

இனிக் கல்லே கூறும் சான்றைக் காண்போம். பூவிருந்தவல்லிக்குத் தென்கிழக்கே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள பாறை நிலநூலார் உலகெங்கும் அறிந்ததொன்று. 1693-இல் இறந்த யோபு சார்னாக்கு என்பாரின் கல்கத்தாக் கல்லறையில் இவ்வகைக் கல் பதிக்கப்பட்டிருந்தமையால், தாமசு ஆலண்டு என்னும் அறிஞர் இதற்குச் சார்னகைட்டு எனப் பெயரிட்டார். 1900-இல் விரிவான நூலும் வெளியிட்டார். நிலத்தின் ஆழத்தில், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன் உருவாகிய பாறை இது. இதன் படிகங்களை வெறுங்கண்ணாலேயே காணலாம். இத்தகைய பாறையை உருக்கி விரைந்து குளிர்வித்தால் அப்படிகங்கள் மீளா. கண்ணாடி போன்றதொரு பொருளே எஞ்சும். வரியோடிய கல்லாலான சிற்பமொன்றை உற்று நோக்கின் வேறொன்றும் புலப்படும். அவ்வரி சிற்பத்தின் தோள், மார்பு, பீடம் என்னும் வேறுபாடு கருதாமல் ஒரே போக்கில் ஊடுருவிச் செல்லும். வார்த்த பொருளாயின் அச்சின் வடிவை ஒட்டி அது வளைந்திருத்தல் வேண்டும்.

முன்னோர்க்கு வெப்பம் கைவரவில்லை என்பதன்று நம் கருத்து. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகளும் எஃகு செய்த மூசைகளும் வெளிப்பட்டன. இரும்பு உலையில் ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசு வெப்பம் உண்டாகும். தாதுக்கல்லின் ஒரு பகுதி அதில் உருகிக் கிட்டமாக வெளிப்படும். 1960-களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வார்ப்பட உலைகளிலும் கிட்டம் வழிந்தோடுவதைக் காணலாம். தமிழர் கல்லை உருக்கினர் என்பது இவ்வளவில் உண்மையே. ஆனால் 3 மீட்டர் உயரமும் 40 சென்டிமீட்டர் சதுரமும் உடைய தூண் ஒன்று 1,300 கிலோகிராம் அளவு நிறையுடையது. பண்டைய மூசையோ கையில் அடங்குவது. மேலும் கருங்கல் உருகினாலும் நீர்போல் ஓடாது. கெட்டிப் பாகினும் பன்மடங்கு இறுகி நிற்குமாதலின் அச்சின் மூலைகளை நிரப்பாது.

எல்லாக் கல்லும் அத்தன்மையதன்று. எரிமலைக் குழம்பு உறைந்த கருநிறப் பாறைகள் எளிதில் இளகி ஓடும். 1798-இல் எடின்பரோவில் சேம்சு ஆல் அத்தகைய கல்லை உருக்கி, விரைந்து ஆற்றினால் கண்ணாடியாவதையும், மெல்ல ஆற்றினால் மீண்டும் படிகக் கல்லாவதையும் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இம்முறையால் தளக்கற்களும் குழாய்களும் வார்க்கலாயினர். அதற்கு வேண்டிய பேருலையின் சுவடோ, உடைந்த அச்சோ, கண்ணாடிக் கழிவோ நம் கற்கோயில்களின் அருகே கிடைத்ததில்லை. கிடைப்பவை பாறைகளில் வரிசையாக நிற்கும் ஆப்புக் குழிகள். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நின்ற குடைவரைகளில், கட்டங் கட்டமாகக் கல்லைக் கொத்தி நீக்கிய தடம் இன்றும் உள்ளது.

கல்லைக் குழைத்து வேண்டிய வடிவாக்கும் கலை ஒன்று நம்மிடம் இருந்தது, அது சுதைப்பணி. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை அளவிற் சுட்டால், உருகாமலே அதனுள் அடங்கிய கரியமிலக் காற்று நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு ஆகின்றது. நீர் விட்டு நீற்றி, மணல் கூட்டி அரைத்த சாந்து கைக்கு இசைந்து குழைகின்றது. பின்னர்க் காற்றிலிருந்து அதே கரியமிலக் காற்றை மீளப் பெற்று மெல்ல மெல்லக் கல்லாகின்றது. உருக்கி வார்த்த கல்லைத் திருமுல்லைவாயிற் கருவறைச் சுவரில் தேடிய மாணவர், கோயிலைவிட்டு வெளியே வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கலாம்.