உங்களுக்குத் தெரியுமா? கொட்டாத ‘தேனீ’

மழை விட்ட காலையில் ஜவ்வாது மலையின் புதூர்நாட்டுப் பக்கம் போனால், வெட்டுக்காயப் பூண்டுப் பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்கும் மஞ்சள் கறுப்புப் பூச்சியைக் கவனியுங்கள். தேனீ என்றே நினைப்பீர்கள். அது சிர்ஃபிட் ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. குளவி, தேனீயின் நிறத்தைப் போர்த்திக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது.

தேனீக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டு. பெரும்பாலான இனங்களில் கண்கள் உச்சந்தலையில் ஒட்டியிருந்தால் ஆண், விலகியிருந்தால் பெண்.

உலகில் 6,000க்கும் அதிகமான இனங்கள் உண்டு. நம் நாட்டு இனங்களை விரிவாகத் தொகுத்து 1923இல் நூலாக்கிய புருனெட்டி, ஓர் இசைக் கலைஞர்!

பல இனங்களில் தாய் ஈ அசுவினிப் பூச்சி மொய்த்த கொழுந்தாகத் தேடி முட்டையிடும். பொரிந்து வரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவி, அகப்பட்ட அசுவினியைத் தூக்கிப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை எறியும். வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். அவரைக் கொடியில் பச்சைப் புழுவைக் கண்டதும் நசுக்கிவிடுகிறோமே, அது இதுவாகவும் இருக்கலாம். சில இனங்களின் புழுக்கள் தேங்கிய அழுக்குத் தண்ணீரில் வளரும். வால்போல் நீளும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சுவிடும்.

வறண்ட மலையில் இந்த ஈக்களைக் கணக்கெடுப்பவர் பருவம் பார்த்தே போகவேண்டும். பூவும் அசுவினியும் ஈரமும் இல்லாத கோடையில் மட்டும் தேடிவிட்டு ‘இங்கே இல்லை’ என்று எழுதினால் அந்தக் கணக்கு தப்பு. மழைக்குப் பின்னும் அதே தடத்தில் நடக்கவேண்டும். உச்சிவெயிலில் இவை நிழலில் ஒதுங்கும், ஆகவே காலை வேளையே நல்லது. ஓடைக்கரைகளை விட்டுவிடக் கூடாது. கைவலை, சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் கிண்ணம், சுவீடன்காரர் ரெனே மலேஸ் வடிவமைத்த கூடாரப் பொறி ஆகியவையே முக்கியக் கருவிகள். ஒவ்வொன்றிலும் சிக்கும் இனங்கள் வேறுபடும் என்பதால் மூன்றும் தேவை.

இவற்றில் வலசை போகும் இனங்களும் உண்டு. ஆண்டுதோறும் தெற்கு இங்கிலாந்தைக் கடந்து வலசை போகும் இந்த ஈக்கள் 400 கோடி வரை இருக்கும் என்று 2019இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

திருப்பத்தூர் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அசுவினியைத் தீர்க்கும் இந்த ஈக்களுக்காக வரப்பில் கொஞ்சம் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள். பூத்திருக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள்.