கோடைச் சூறைக்காற்றும் உயிர்க்காப்பும்

சேந்தமங்கலம் பகுதியில் சித்திரை, வைகாசி மாலைகளில் கொல்லிமலைப் பக்கம் கருமேகம் திரண்டு, திடீரென்று சூறைக்காற்று வீசுவதுண்டு. மேகத்தினின்று இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்வதே இதன் காரணம். 1989ஆம் வருஷம் ஏப்ரல் 26ந் தேதி வங்காள தேசத்து மாணிக்கஞ்ச் ஜில்லாவைத் தாக்கிய சுழற்காற்றில் சுமார் 1,300 பேர் மாண்டனர். அத்தகைய சுழல் இங்கே மிக அபூர்வம்; ஆயினும் முறியும் மரமும் பறக்கும் தகரமும் சூறைக்காற்றிலும் உயிரைக் குடிப்பவையே.

குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க அவ்வேளையில் தோட்டத்திற்கு ஓடுதல் தகாது. முட்டுக் கழிகள் பங்குனியிலேயே நட்டிருக்க வேண்டியவை. காற்று கிளம்பிய பின் வாழை போனால் போகட்டும்.

இடி கேட்டவுடன் உறுதியான கட்டடத்துள் புகுதல் உத்தமம். புளியமரத்தடியும் தென்னந்தோப்பும் தகரக் கொட்டகையும் உதவா. மாடுகளை மரத்தில் கட்டலாகாது. மோட்டார் ஸ்விட்சை அப்போது தொடுவதும் அபாயம்.

வெட்டவெளியில் அகப்பட்டு, ஒதுங்க இடமே இல்லாதவர் மின்னல் மிகுந்திருப்பின் பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டும், படுக்கலாகாது. கிளைகளும் தகரமும் பறந்துவரும் சுழற்காற்றாயின், நீரில்லாத வாய்க்காலில் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்வதே வழி. இவ்விரண்டும் கடைசி உபாயங்களேயன்றி முழுக் காப்பு ஆகா.

கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழியுமட்டும் ஒருவரும் வெளிவரலாகாது. அறுந்த மின்கம்பியை ஜனங்கள் நெருங்காதபடி கிராம அதிகாரிகள் ஆள் நிறுத்தி, மின்வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பயிர்ச்சேதக் கணக்கை மறுநாள் எழுதலாம்.