மச்சம் மாறினால் சும்மா இருக்கலாமா?

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஜார்ஜ்டவுனில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அவருடைய குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. "பழைய மச்சமாக இருக்கும்" என்று விட்டுவிடுகிறார். சில மாதங்களில் அது அகலமாகிறது. பிறகு தோல் வெடித்து நீர் கசிகிறது. "சர்க்கரைப் புண்தான், மெதுவாகத்தான் ஆறும்" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். மருந்து கட்டுகிறார்கள். புண் ஆறவில்லை. கடைசியில் தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகிறார்.

இவர் எந்தத் தனி மனிதரும் அல்லர். ஆனால் உள்ளங்காலில் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் காலம் கடந்து கண்டுபிடிக்கப்படுகிறது. முதலில் மச்சம் என்பார்கள், அப்புறம் கால் ஆணி என்பார்கள், அதற்கும் பிறகு சர்க்கரைப் புண் என்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சில மாதங்கள் போய்விடுகின்றன. அந்த மாதங்கள்தான் உயிரின் விலை.

மச்சம் என்பது என்ன?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்கள் தோல் முழுவதும் பரவலாக இருக்கின்றன. அவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் மச்சம் தோன்றுகிறது. பெரும்பாலான மச்சங்கள் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் வருகின்றன. பிள்ளை வளரும்போது மச்சமும் சற்று வளரும். கர்ப்ப காலத்தில் சிலருக்கு நிறம் கூடலாம். வயதான பிறகு பல மச்சங்கள் மங்கிப் போகும். இதெல்லாம் இயல்பு.

நம்மவர்களுக்கு மச்சம் என்றாலே அதிர்ஷ்டம்தான் நினைவுக்கு வரும். எந்த இடத்தில் இருந்தால் என்ன பலன் என்று பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. பலன் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் அதே மச்சம் போன ஆண்டு எப்படி இருந்தது, இந்த ஆண்டு எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்த நிறமிச் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதான் மெலனோமா. எல்லா மெலனோமாவும் பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை. பத்தில் ஏழு, மச்சமே இல்லாத வெறும் தோலில் புதிதாகத் தோன்றுபவை. ஆகவே பழைய மச்சத்தைக் கவனித்தால் மட்டும் போதாது. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி வந்து வளர்ந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

"நாம் கறுப்பு, நமக்கு வராது" – சரியா?

இது பாதி உண்மை. வெள்ளைத் தோல் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் ஆசிய மக்களுக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் மெலனோமா மிக அரிதாகவே வருகிறது. நம் தோலின் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுத்துவிடுகிறது. ஆனால் வரும்போது எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவைதான் நம் போன்றவர்களுக்கு அது அதிகம் வரும் இடங்கள். அங்கே வெயில் முக்கியக் காரணம் அல்ல. அதனால் வெயிலில் போகாதவருக்கும் வரலாம்.

உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977ஆம் ஆண்டு கால் பெருவிரல் நகத்தின் அடியில் மெலனோமா இருப்பது தெரிந்தது. அவர் காற்பந்துப் பிரியர். விரலில் இருந்தது பந்தாட்டக் காயம் என்றே முதலில் கருதப்பட்டது. விரலை எடுத்துவிட மருத்துவர்கள் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதன் அடித் தோலையும் மட்டும் நீக்கினார்கள். நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது. 1981ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி மயாமி நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 36. கறுப்பினத்தவருக்கும் இந்த நோய் வரும், அடிபட்ட காயம் போலவே தோற்றம் காட்டும் என்ற இரண்டு பாடங்கள் இதில் உள்ளன.

கவனிக்க வேண்டிய ஐந்து மாற்றங்கள்

1985ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் பொதுமக்களும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான்கு அடையாளங்களைத் தொகுத்தார்கள். 2004ஆம் ஆண்டில் ஐந்தாவது சேர்ந்தது.

முதலாவது உருவம். மச்சத்தின் நடுவே ஒரு கோடு போட்டால் இரு பாதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் சுருங்கி இருந்தால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஓரம். நல்ல மச்சத்தின் ஓரம் தெளிவாக இருக்கும். காகிதத்தில் மை ஊறியது போலப் பரவியோ, வெட்டு வெட்டாகவோ இருந்தால் சந்தேகம்.

மூன்றாவது நிறம். ஒரே நிறமாக இல்லாமல் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, சாம்பல் என்று பல நிறம் கலந்திருந்தால் காட்ட வேண்டும்.

நான்காவது அளவு. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்னால் இருக்கும் அழிப்பானின் அகலத்துக்கு மேல் போனால் கவனம் தேவை.

ஐந்தாவது மாற்றம். எல்லாவற்றிலும் பெரியது இதுதான். சில வாரங்களில், மாதங்களில் வளர்வது, நிறம் மாறுவது, மேடாவது, அரிப்பது, அடிபடாமலேயே இரத்தம் கசிவது எல்லாம் மாற்றம்தான்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. ஒருவருடைய உடம்பில் இருக்கும் மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில், அண்ணன் தம்பி போல இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வேற்று ஆள் போலத் தெரிந்தால் அதைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காலும் நகமும்

உள்ளங்காலில் வருவது எப்போதும் இந்த ஐந்து அடையாளங்களோடு வருவதில்லை. சில சமயம் கறுப்பே இருக்காது, சிவந்த சதை போல இருக்கும். எனவே காலுக்கு ஒரு தனி விதி வைத்துக்கொள்வது நல்லது. காரணம் தெரியாத புண் ஆறாமல் இருந்தால், கால் ஆணி என்று நினைத்தது மருந்துக்குக் கேட்காவிட்டால், கறுப்புத் தடம் அகலமாகிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் இரட்டைக் கவனம் வேண்டும். ஆறாத புண் எல்லாமே சர்க்கரைப் புண் அல்ல.

தைப்பூசத்தின்போது வெறுங்காலோடு நடந்து, தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலில் இரத்தக் கொப்புளம் வருவது சகஜம். அந்தக் கறுப்பு சில வாரங்களில் தோலோடு உரிந்து போய்விடும். போகாமல் அதே இடத்தில் நின்றால் அது கொப்புளம் அல்ல என்று சந்தேகிக்கலாம்.

நகத்திலும் இதே கணக்குதான். கதவில் விரல் நசுங்கி நகத்தின் அடியில் இரத்தம் கட்டினால், நகம் வளர வளர அந்தக் கறை முன்னே நகரும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதைவிட மெதுவாக வளரும். பெருவிரல் நகம் முழுதாக மாற ஓராண்டுக்கு மேல் ஆகலாம். மாதம் ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிட்டால் கறை நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் நிறத்தவர்களில் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் வயது வந்த ஒருவருக்கு ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு தோன்றி, அது அகலமாகி, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு படர்ந்தால் உடனே காட்ட வேண்டும்.

பலரும் கேட்கும் கேள்விகள்

சவரம் செய்யும்போது மச்சம் வெட்டுப்பட்டுவிட்டது. புற்றுநோய் வருமா?

வெட்டுப்பட்டதாலேயே நல்ல மச்சம் புற்றாக மாறிவிடாது. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். கழுவி பிளாஸ்டர் போட்டால் போதும். இரண்டு வாரங்களுக்குள் ஆற வேண்டும். மூன்று நான்கு வாரமாகியும் ஆறாவிட்டாலோ, மறுபடி மறுபடி இரத்தம் வந்தாலோ, ஆறிய பிறகு வேறு உருவத்தில் வளர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு அடிபட்டதையும் அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். காயம்பட்ட மச்சம் மீண்டும் வளரும்போது கோணலாகத் தோன்றுவதுண்டு. அந்தத் தகவல் இருந்தால்தான் அவர் சரியாக எடை போட முடியும்.

மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்து எடுக்கலாமா? அழகு நிலையத்தில் சுட்டு எடுக்கலாமா?

கூடாது. சுண்ணாம்பும் அமிலமும் தோலை வெந்து போகச் செய்து தழும்பு உண்டாக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. சுட்டுவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. மேலே கறுப்பு மறைந்துவிடும், அடியில் நோய் இருந்தால் அது சத்தமில்லாமல் வளரும். எடுப்பதாக இருந்தால் மருத்துவர் எடுக்க வேண்டும். சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் எடுத்ததைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

முகத்தில் சின்னச் சின்னதாகக் கறுப்பு மருக்கள் நிறைய இருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் வரும் இவை நம்மிடையே குடும்ப வழியாக வருபவை. தீங்கு செய்யாது. ஆனால் வயதானவர் முகத்தில் கறுத்து, முத்துப் போலப் பளபளத்து, நடுவில் புண்ணாகி ஆறாமல் இருக்கும் ஒன்றை மச்சம் என்று விடக்கூடாது. அது வேறு வகைத் தோல் புற்றாக இருக்கலாம். அந்த வகை பரவுவது மிக அரிது. முறையாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். விட்டால் சுற்றியுள்ள தோலையும் சதையையும் அரிக்கும்.

கத்தி பட்டால் புற்று பரவிவிடுமாமே?

நம் சமூகத்தில் இந்த ஒரு சொல் பலரைத் தடுத்து வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. இது உண்மை அல்ல. சந்தேகத்துக்குரிய மச்சத்தைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலோடு எடுத்துச் சோதிப்பதுதான் நோயை உறுதி செய்யும் வழி. அந்த இடம் மட்டும் மரத்துப் போக ஊசி போடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். நோயைப் பரப்புவது தாமதமே தவிர கத்தி அல்ல.

ஏன் அவசரம்?

மெலனோமாவின் ஆபத்து அதன் அகலத்தில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. தோலுக்குள் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கியிருக்கும்போது எடுத்துவிட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆழம் கூடக் கூட அந்த வாய்ப்பு குறைகிறது. 2011ஆம் ஆண்டு முதல் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. அந்த வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. என்றாலும் அந்த மருந்துகள் விலை அதிகம், எல்லாருக்கும் பலன் தருவதும் இல்லை. ஆரம்பத்தில் செய்யும் ஒரு சிறு அறுவைக்கு அவை ஈடாகாது.

பினாங்கில் எங்கே போவது?

முதலில் அருகில் இருக்கும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ போகலாம். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். மச்சத்துக்கு மலாயில் தாஹி லாலாட் என்று பெயர். அது மாறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள். அது வலிக்காது. பெரும்பாலானவர்கள் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடுதான் திரும்புவார்கள். அந்தப் பதிலுக்காகப் போனதில் வெட்கப்பட எதுவுமில்லை.

போகும்போது எப்போது கவனித்தீர்கள், எப்படி மாறியது, அடிபட்டதா, குடும்பத்தில் யாருக்காவது தோல் புற்று வந்ததா என்று குறித்துக்கொண்டு போங்கள். பழைய படம் இருந்தால் எடுத்துப் போங்கள். நகத்தில் பூச்சு இருந்தால் துடைத்துவிட்டுப் போங்கள்.

மாதம் ஒரு நாள், குளித்து முடித்ததும், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்கால், விரல் இடுக்கு, உள்ளங்கை, நகம் எல்லாவற்றையும் பாருங்கள். முதுகை வீட்டில் உள்ளவர் பார்த்துச் சொல்லட்டும். குனிய முடியாத அப்பா அம்மாவின் காலைப் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும். பெற்றவர் காலைத் தொட்டு வணங்கும் பழக்கம் நமக்கு உண்டு. தொடும்போது அந்தப் பாதத்தின் அடியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தால், அதுவே ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.