செட்டாப் பாக்ஸில் அழிக்க முடியாத கோப்புகள்

செட்டாப் பாக்ஸுடன் இணைத்த பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ பதிவான நிகழ்ச்சியை ரிமோட் மூலம் அழிக்கும்போது, கோப்பு அழியாமல் இருப்பதும், அழிந்ததுபோல் காட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி இயக்கியதும் பட்டியலில் திரும்பத் தோன்றுவதும் பரவலான கோளாறு ஆகும். பெரும்பாலும் இதற்குக் காரணம் பெட்டியின் பழுதன்று. பதிவு நடக்கும்போதே மின்சாரம் நின்றுபோவதுதான்.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் விசைத்தறி ஊரான சோமனூரில் மின்தடையின் விளைவை விளக்க வேண்டியதில்லை. தறி நின்றால் அறுந்த இழையை முடிந்து மறுபடி ஓட்டலாம். பென் டிரைவில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஃபேட்32 முறையில் கோப்பின் பெயர் ஓரிடத்திலும், அது டிரைவின் எந்தெந்தப் பகுதிகளில் உள்ளது என்ற அட்டவணை வேறிடத்திலும் எழுதப்படுகின்றன. ஒன்று எழுதி மற்றொன்று எழுதுமுன் மின்சாரம் போனால் இரண்டும் முரண்படும். பல பெட்டிகளில் இயங்கும் லினக்ஸ், இம்முரணைக் கண்டதும் சேதம் பெருகாதிருக்க டிரைவை 'படிக்க மட்டும்' நிலைக்கு மாற்றிவிடும். படம் நன்றாக ஓடும். அழிக்க மட்டும் முடியாது. இதுவே முக்கிய அடையாளம்.

என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைப் பல பழைய பெட்டிகள் படிக்கும், ஆனால் எழுதமாட்டா. டைம்ஷிஃப்ட் அல்லது பதிவு நடந்துகொண்டிருந்தாலும் அந்தக் கோப்பு அழியாது. முதலில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பெட்டியை ரிமோட்டில் அணைத்துச் சற்றுப் பொறுத்து டிரைவைக் கழற்றி, விண்டோஸ் கணினியில் செருகி, அதன் பண்புகளில் உள்ள 'டூல்ஸ்' பகுதியில் பிழைச் சோதனை செய்யலாம். மீட்கப்பட்ட சிதறிய துண்டுகள் 'ஃபவுண்ட்.000' என்ற கோப்புறையில் சேரக்கூடும். அவை பெரும்பாலும் பயன்படா. பின்னர் வேண்டாத பதிவைக் கணினியிலேயே அழிக்கலாம். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நீண்ட படம் பல துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டை மட்டும் அழித்தால் பட்டியலில் பெயர் மட்டும் எஞ்சலாம். ஆகவே அந்தப் பதிவுக்குரிய கோப்புறை முழுவதையும் நீக்க வேண்டும்.

ஃபார்மேட் செய்வது கடைசி வழி. கடைக்காரர்கள் இதையே முதலில் சொல்வதுண்டு, ஆனால் அதில் எல்லாப் பதிவுகளும் போய்விடும். கட்டணச் சேனல் பதிவுகள் பொதுவாக மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், கணினியில் நகலெடுத்து வைத்தாலும் அங்கே ஓடா. உள்ளூர் கேபிள் சேனலில் வந்த தேர்த் திருவிழா போன்ற பதிவுகள் மறுபடி கிடைப்பது அரிது. அவை கணினியில் ஓடுகின்றனவா என்று பார்த்து, ஓடினால் நகலெடுத்த பிறகே ஃபார்மேட்டில் கை வைக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் நெடுங்காலமாக ஃபேட்32ஐக் காட்டுவதில்லை. பழைய பெட்டிக்கு 32 ஜிபி பென் டிரைவே வசதி.

கணினியிலும் ஃபார்மேட் ஆகாமல், எழுதத் தடை என்றே செய்தி வந்தால், நினைவகச் சில்லு தேய்ந்திருக்கக்கூடும். அப்போது பதிவுகளை நகலெடுத்துவிட்டு வேறு டிரைவ் வாங்குவதே வழி.